உரம் எடுக்கத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு முன்

மதுரைப் பக்கம் கைப்பிள்ளை விடாமல் அழுதால் முதலில் வரும் கேள்வி, "உரம் எடுத்தியா?" என்பதுதான். தூக்குகிறபோது பிள்ளைக்கு எங்கோ சுளுக்கு விழுந்துவிட்டது என்பதைத்தான் உரம் என்கிறார்கள். என் மகளுக்கு ஐந்தாவது வாரம். விளக்கு வைக்கிற நேரத்தில் வீறிடத் தொடங்கினால் ஒன்பது மணிக்குத்தான் ஓய்வாள். அப்பத்தாவுக்கு அது குடலேற்றம், அதாவது குடல் இடம் மாறி ஏறிக்கொண்டது; அம்மாச்சிக்கு உரம். ஆளுக்கொரு கைராசிக்காரர் வேறு: ஒருவர் மேலூரில், இன்னொருவர் திருமங்கலத்தில்.

டாக்டர்கள் கோலிக் என்பது இதைத்தான். நன்றாகப் பால் குடித்து எடை கூடுகிற பிள்ளை, காரணம் பிடிபடாமல் மணிக்கணக்கில் அழும். ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தானாக அடங்கும். உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் கைராசிக்காரரைத் தேடிப் போகிறோம். அதற்குப் பிறகு எப்படியும் இறங்குமுகம். பேர் மட்டும் கடைசியாகக் கை வைத்தவருக்கு. வெளிநாட்டிலும் இதே கதைதான். அங்கே கைரோபிராக்டிக், ஆஸ்டியோபதி என்று முதுகெலும்பையும் மண்டையையும் கையால் அழுத்திப் பார்க்கிறார்கள். 325 குழந்தைகளிடம் நடந்த 6 ஆய்வுகளை 2012இல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு தொகுத்தது. அழுகை குறைந்ததாகத்தான் தெரிந்தது. ஆனால், தன் பிள்ளைக்குச் சிகிச்சை நடந்ததா இல்லையா என்றே பெற்றோருக்குத் தெரியாத ஆய்வுகளை மட்டும் எடுத்துப் பார்த்தால், நம்பிச் சொல்லும்படி வித்தியாசம் இல்லை.

குடலேற்றத்துக்கு வைத்தியமாகக் குடல் தட்டுவதில்தான் எனக்குப் பெரிய பயம். எண்ணெய் தடவி வயிற்றை அழுத்தி நீவுவார்கள். சிலர் காலைப் பிடித்துத் தலைகீழாகவும் தூக்குவார்கள். கோலிக் பிள்ளைக்கு இது வெறும் வாதை. ஆனால் குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் சொருகிக்கொள்ளும் நோய் நிஜமாகவே உண்டு. ஒரு வயதுக்குள் அதிகம் வரும். விட்டுவிட்டு வீறிடும், நடுவில் துவண்டு கிடக்கும், பச்சையாக வாந்தி எடுக்கும், பிறகு மலத்தில் ரத்தமும் சளியுமாகப் போகும். ஸ்கேனில் கண்டுபிடித்து, ஆசனவாய் வழியே காற்றோ திரவமோ செலுத்தி, பெரும்பாலும் கத்தி வைக்காமலே சரிசெய்கிறார்கள். தட்டுகிறவர் வீட்டு வாசலில் காத்துக் கிடக்கும் நேரத்தில் குடல் அழுகத் தொடங்கிவிடலாம்.

உரமும் அப்படித்தான். தூக்கினால் அழுகிறது, ஒரு கையை அசைக்கவில்லை என்றால், பிரசவத்தில் காறை எலும்பு விரிசல் விட்டிருக்கலாம், தோள் நரம்பு இழுபட்டிருக்கலாம். தலை ஒரு பக்கமே சாய்ந்து கழுத்தில் கட்டி தட்டுப்பட்டால் தசை இறுக்கம்; அதற்குப் பிசியோதெரபி வேண்டும். உரம் எடுக்கிறேன் என்று இந்தப் பிள்ளையைச் சேலையில் போட்டு ஆளுக்கொரு முனை பிடித்து உருட்டினால் என்ன ஆகும்? தொண்டையில் ஏதோ சிக்கிக்கொண்டது என்று தொக்கம் எடுக்க வாயில் விரல் விடுவது, குளிப்பாட்டும்போது மூக்கில் ஊதுவது, காதில் எண்ணெய் விடுவது பற்றி விளக்கமே தேவையில்லை, வேண்டாம்.

அதற்காகப் பிள்ளை மேல் கையே வைக்கக் கூடாது என்பதில்லை. தொட்டால் பிள்ளைக்கு இதமாக இருக்கும், நமக்கும் பதற்றம் குறையும். பால் குடித்த உடனே நீவினால் கக்கிவிடும். முக்கால் மணி நேரமாவது போகட்டும். உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கி, தொப்புளைச் சுற்றிக் கடிகாரம் ஓடும் திசையில் மெதுவாகத் தடவுங்கள். பெருங்குடல் போகும் திசை அது. முழங்காலை மடக்கி வயிற்றோடு சேர்த்து விடலாம், முன்கையில் குப்புறப் படுக்கவைத்து நடக்கலாம். பிள்ளை உடம்பை விறைத்தால் அதோடு நிறுத்துங்கள். அப்பத்தா கையை வாங்கி அவர் வயிற்றிலேயே வைத்து, "இவ்வளவு அழுத்தம் போதும்" என்று காட்டினேன். "இது தடவுறதா, தூசி தட்டுறதா?" என்றார்.

மூன்று மாதத்துக்குள் 100.4 டிகிரி காய்ச்சல், பச்சை வாந்தி, மலத்தில் ரத்தம், பால் குடிக்க மறுப்பது, தொடை இடுக்கில் வீக்கம் என்று எது இருந்தாலும் நேரே ஆஸ்பத்திரி. அவசரத்துக்கு 108.

இன்னொன்று, யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ராத்திரி பதினொரு மணிக்கு, பெற்ற பிள்ளை மீதே ஆத்திரம் வரும். அந்த நேரத்தில் ஒரு உலுக்கு உலுக்கினாலே மூளைக்குள் ரத்தம் கசியலாம். கைமாற்ற ஆள் இல்லையென்றால், பிள்ளையைப் பாயில் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டுத் திண்ணையில் போய் ஐந்து நிமிடம் உட்காருங்கள்.