கடைசி மவுண்ட் போல்ட் மட்டும் ஏற மாட்டேன் என்கிறதா?

இன்ஜினைத் திரும்ப ஏற்றும்போது இரண்டு மவுண்ட் (இன்ஜினை வண்டியோடு பிடித்து நிறுத்தும் ரப்பர் வைத்த தாங்கி) சமர்த்தாக உட்கார்ந்துவிடும், மூன்றாவதில் மட்டும் ஓட்டை பாதி தெரிந்து பாதி மறைந்து நிற்கும். உடனே யாராவது கடப்பாரையைத் தூக்குவார்கள். வேண்டாம். கோளாறு பெரும்பாலும் அந்த ஓட்டையில் இருக்காது, முதலில் முழுசாக முறுக்கிவிட்ட போல்ட்டில்தான் இருக்கும்.

சேலத்துத் தெருக்களில் ஓடும் முன்சக்கர இழுவை சின்னக் கார்களை வைத்துச் சொல்கிறேன். இன்ஜின் குறுக்கே இருக்கும், பெரும்பாலும் இன்ஜின் பக்கம் ஒரு மவுண்ட், கியர்பாக்ஸ் பக்கம் ஒன்று, பின்னால் கீழே இன்ஜினின் முன்பின் ஆட்டத்தைப் பிடிக்க டார்க் ராடு என்று ஒரு கம்பி.

முதல் வேலை, இன்ஜின் எடையைச் செயின் பிளாக்கில் (சங்கிலி போட்டுத் தூக்கும் கருவி) தாங்கவிட்டு எல்லா மவுண்ட் போல்ட்டையும் தளர்த்துங்கள், கழற்ற வேண்டாம், நாலைந்து மரை பிடித்திருந்தால் போதும். டார்க் ராடை மட்டும் கழற்றியே விடுங்கள், சைலன்சர் பைப் மாட்டியிருந்தால் அதன் போல்ட்டையும் தளர்த்திவிடுங்கள், அதுவும் இன்ஜினைத் தன் பக்கம் இழுக்கும். ஜாக்கி வைப்பதானால் நடுவில் பலகை வேண்டும், இன்ஜின் அடியில் ஆயில் நிற்கும் சம்ப் மெல்லிசுத் தகடு, நேராக முட்டுக் கொடுத்தால் நசுங்கிவிடும். ஓட்டை சேர்ந்ததா என்று விரலை விட்டுப் பார்க்கவே கூடாது.

இப்போது ஓட்டை எந்தப் பக்கம் விலகியிருக்கிறது என்று பாருங்கள். மேல் கீழ் என்றால் ஜாக்கியிலேயே சரியாகிவிடும். பக்கவாட்டில் விலகியிருந்தால் மவுண்ட்டை விட்டுவிட்டு இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தை டார்ச் அடித்துச் சுற்றிப் பாருங்கள். அங்கே மயிரிழை இடைவெளி இருந்தாலும் மவுண்ட் சேராது. கிளட்ச் பிளேட் நடுவில் இல்லாமல் கியர்பாக்ஸ் ஷாஃப்ட் அதற்குள்ளே போகாமல் இருக்கலாம், டவல் பின் (இரண்டையும் நேராகச் சேர்க்கும் சின்ன முளை) உட்காராமல் இருக்கலாம், ஒரு ஒயர் கிளிப் நடுவில் மாட்டியிருக்கலாம். போல்ட்டை முறுக்கியே இழுத்துச் சேர்த்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், கியர்பாக்ஸ் கூடு அலுமினியம், போல்ட் ஏறும் காது உடைந்தால் செலவு வேறு மாதிரி போய்விடும். பிரித்து, பிளேட்டை நடுவில் வைத்து, கையால் தள்ளியே ஒட்ட வேண்டும்.

அதெல்லாம் சரியாக இருந்தும் சேரவில்லையா? பிராக்கெட்டைத் தலைகீழாக மாட்டியிருப்பீர்கள், அல்லது மவுண்ட்டே வேறு. புதுசையும் பழசையும் பக்கத்தில் வைத்து உயரத்தை ஒப்பிடுங்கள். பழசு ரப்பர் அமுங்கிக் குட்டையாகத்தான் இருக்கும், ஆனால் ஓட்டைகளின் இடைவெளி மாறக் கூடாது.

எல்லா போல்ட்டும் கையாலேயே சுற்றி ஏறினால்தான் ஸ்பேனர். எடையை முழுசாக இறக்கி, இன்ஜினைப் பிடித்து நன்றாக ஆட்டிவிட்டு, மேலே இருக்கும் இரண்டு மவுண்ட்டை முறுக்குங்கள், டார்க் ராடும் சைலன்சரும் கடைசியில். எவ்வளவு முறுக்கம் என்பது வண்டிக்கு வண்டி மாறும், அந்த வண்டியின் சர்வீஸ் மேனுவலைப் பார்த்து டார்க் ரெஞ்சில் (முறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) வையுங்கள்.

ஸ்டார்ட் செய்து ஐடிலில் ஸ்டியரிங் நடுங்குகிறதா பாருங்கள். அப்புறம் சோதனைக்கு நமக்கு ஏற்காடு மலைப்பாதை இருக்கிறதே. இருபது கொண்டை ஊசி வளைவையும் ஏற வேண்டியதில்லை, அடிவாரத்திலிருந்து இரண்டு மூன்று வளைவு இரண்டாவது கியரில் ஏறி இறங்கினாலே போதும். ஏறும்போது இன்ஜின் ஒரு பக்கம் சாயும், ஆக்சிலரேட்டரை விட்டு இறங்கும்போது மறுபக்கம். அந்த மாற்றத்தில் 'டொக்' என்று அடித்தால் டார்க் ராடைப் பாருங்கள், இறங்கும்போது கியர் தானாகக் கழன்றால் கியர்பாக்ஸ் பக்க மவுண்ட்டை.