விரிப்பைத் துவைப்பவரிடமிருந்து தொடங்குங்கள்: யாழ்ப்பாண விடுதிகளுக்கான மனித உரிமை இடர் மதிப்பீடு

மனித உரிமை இடர் மதிப்பீடு என்பது உங்கள் விடுதித் தொழிலால் யாருடைய உரிமை எங்கே பாதிக்கப்படலாம் என்று தேடிப் பார்ப்பது. விடுதிக்குள் சம்பளப் பதிவு பொதுவாக ஒழுங்காகவே இருக்கும். ஆபத்து பெரும்பாலும் வெளியில் கொடுத்த வேலைகளில் கிடக்கிறது: சலவை, மீன், படகு, வான், கட்டட வேலை. ஐ.நா. மனித உரிமைகள் பேரவை 2011இல் ஏற்றுக்கொண்ட, வணிகமும் மனித உரிமைகளும் பற்றிய வழிகாட்டல் கோட்பாடுகளின்படி, நீங்கள் வாங்கும் சேவையோடு நேரடியாகத் தொடர்புபட்ட பாதிப்பைத் தடுக்கவோ குறைக்கவோ முயல்வதும் உங்கள் பொறுப்புத்தான்.

முதலில் கடந்த 3 மாதப் பற்றுச்சீட்டுக் கோப்பை எடுங்கள். யாருக்கெல்லாம் காசு போனதென்று எழுதுங்கள். பற்றுச்சீட்டே இல்லாமல் கையில் கொடுத்தவர்களைப் பட்டியலின் தலையில் போடுங்கள்.

பிறகு ஒரு வேலையைக் கடைசிக் கைவரை பின்தொடருங்கள். சலவையை எடுப்போம். 12 அறை, அறைக்கு 2 விரிப்பு, 2 தலையணை உறை, 2 துவாய்: நாளுக்கு 72 துணி. சலவைக்காரர் இதை வீட்டில் இருக்கும் ஒரு பெண்ணிடம் துணிக்கணக்கில் கொடுத்திருப்பார். அந்தப் பெண் துவைத்து, காயவைத்து, அழுத்தி முடிக்கும் நேரத்தைப் பக்கத்தில் நின்று அளவிடுங்கள். மணித்தியாலத்துக்கு 12 துணி என்றால் 6 மணித்தியாலம். அவர் கைக்கு வரும் காசிலிருந்து சவர்க்காரம், மின்சாரச் செலவைக் கழித்து 6ஆல் வகுத்துப் பாருங்கள். அதைச் சட்டம் சொல்லும் குறைந்தபட்சச் சம்பளத்தின் மணித்தியாலக் கணக்கோடு ஒப்பிடுங்கள். குறைந்தால், சலவைக்காரரைக் குற்றம் சொல்லுமுன் நீங்கள் கொடுக்கும் விலையைப் பாருங்கள். காரணம் பலமுறை அங்கேதான் இருக்கும்.

இதை நல்லூர்த் திருவிழாவின் 25 நாளுக்குள் ஒருமுறை செய்ய வேண்டும். அறைகள் நிரம்பும் அந்த நாட்களில்தான் இரவுவேலையும், பள்ளிப் பிள்ளையை உதவிக்கு இழுப்பதும் வெளிப்படும். 16 வயதுக்குக் குறைந்தவரை வேலைக்கு வைப்பது சட்டவிரோதம்; 18 வரை ஆபத்தான வேலை கொடுக்கக் கூடாது.

முதலாளி பக்கத்தில் நிற்கும்போது யாரையும் விசாரிக்காதீர்கள். "பிரச்சினை இருக்கோ?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். "கடைசியா எப்ப லீவு எடுத்தனீங்கள்?", "அடையாள அட்டை ஆரிட்டை இருக்கு?", "முற்பணம் எவ்வளவு மிச்சம்?" என்று கேளுங்கள். முற்பணக் கடன் முடியாமல் ஒருவர் வேலையை விட முடியவில்லை என்றால் அது கட்டாய உழைப்பின் அறிகுறி. மாதச் சம்பளக்காரரிடம் ஊழியர் சேமலாப நிதிக் (EPF) கணக்குக் கூற்றைப் பாருங்கள்: சம்பளத்தில் ஊழியர் 8%, முதலாளி 12% கட்ட வேண்டும். சம்பளத்துண்டில் 8% வெட்டியிருந்தும் கணக்கில் வரவில்லை என்பது அடிக்கடி கிடைக்கும் குறை.

வரிசைப்படுத்தும்போது எது அடிக்கடி நடக்கும் என்பதைவிட எது கடுமையானது என்பதை முன்னால் வையுங்கள்: பாதிப்பு எவ்வளவு ஆழம், எத்தனை பேருக்கு, திருத்த முடியுமா? தீவுகளுக்குப் போகும் குறிகாட்டுவான் இறங்குதுறைப் படகில் உயிர்காப்பு அங்கி போதாமை எப்போதாவது ஒருமுறைதான் ஆளை விழுங்கும்; ஆனாலும் அது முதலிடம். காணியும் அப்படித்தான். விடுதியைப் பெருப்பிக்க வாங்கும் காணியில் இடம்பெயர்ந்த அல்லது வெளிநாட்டிலுள்ள பங்காளர் ஒருவர் விடுபட்டிருந்தால் பின்னர் ஈடுசெய்வது கடினம். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி கூட்டு உரிமையாளருக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டு; எல்லோருக்கும் அறிவித்த பிறகே காணி உறுதி (பத்திரம்) எழுதுங்கள். சுண்ணக்கல் நிலத்தில் மலக்குழிக் கசிவு அயல்வீட்டுக் கிணற்றுக்கு விரைவில் போகும், அதையும் சோதியுங்கள்.

குறை கண்டவுடன் ஒப்பந்தத்தை வெட்டாதீர்கள்; முதலில் வேலை இழப்பது அந்தப் பெண்தான். விலையைத் திருத்தி, பணத்தை 7 நாளுக்குள் கொடுத்து, 3 மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் போய் அதே கேள்விகளைக் கேளுங்கள். முறைப்பாடு சொல்ல, விடுதி முகாமையாளர் அல்லாத ஒருவரின் தொலைபேசி எண்ணைத் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு துணிமூட்டையோடும் அனுப்புங்கள்.