ஓடும்போது நெஞ்சு படபடக்கிறதா? கையடக்க ஈசிஜியில் பிடிக்கும் வழி

பயிற்சியின் நடுவே இதயம் தாறுமாறாக அடிக்கும். ஆனால் மருத்துவரிடம் போய்ப் படுத்தால் ஈசிஜி (இதய மின்துடிப்பின் கோட்டுப் பதிவு) கோளாறே இல்லாமல் வரும். இந்த எரிச்சலுக்குத்தான் கார்டியாமொபைல் போன்ற கையடக்கக் கருவியும், ஈசிஜி வசதியுள்ள ஸ்மார்ட்வாட்சும் கைகொடுக்கின்றன.

ஆனால் ஓடும்போதே மயங்கி விழுந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென இறந்திருந்தாலோ கருவியை நம்பிக் காத்திருக்காதீர்கள். பயிற்சியை நிறுத்திவிட்டு நேராக மருத்துவரைப் பாருங்கள்.

1. எந்தத் தொந்தரவும் இல்லாத நாளில் பழகுங்கள். உட்கார்ந்து, முன்கைகளைத் தொடைமேல் வைத்து, இரு கை விரல்களையும் உலோகத் தகடுகளில் மெதுவாக வையுங்கள். 30 வினாடி பேசாதீர்கள். இறுக்கிப் பிடித்தால் தசை நடுக்கமும் சேர்ந்து பதிவாகி, கோடு கம்பளிப்பூச்சி மாதிரி ஆகிவிடும். நல்ல பதிவு ஒன்றைச் சேமித்துவிடுங்கள். பின்னால் ஒப்பிட உதவும். நன்கு பயிற்சி எடுத்தவருக்கு ஓய்வுத் துடிப்பு நிமிடத்துக்கு 40களில் இருப்பது சகஜம். ஆப் 'துடிப்பு குறைவு' என்று மிரட்டினாலும், தலைசுற்றல், அசதி இல்லையென்றால் பதற வேண்டாம்.

2. படபடப்பு வந்ததும் நின்று, உட்கார்ந்து, விரல் வியர்வையைத் துடைத்துவிட்டுப் பதிவு செய்யுங்கள். மூச்சு அடங்கட்டும் என்று காத்திருந்தால் படபடப்பும் அடங்கிவிடும்! வாட்சின் அடியிலுள்ள பச்சை விளக்கு, தோலடி ரத்த ஓட்டத்தை வைத்துக் காட்டும் துடிப்பு எண் ஈசிஜி ஆகாது. காலடி வேகத்தையே துடிப்பென்று எண்ணி அது ஏமாறுவதுண்டு.

3. உடனே குறிப்பு எழுதுங்கள். என்னைக் கேட்டால் பதிவில் பாதி மதிப்பு இதில்தான். உதாரணம்: "மாலை 6.40. நான்காவது 400 மீட்டர். திடீரென ஆரம்பித்தது, 2 நிமிடம், சுவிட்சை அணைத்ததுபோல நின்றது." அப்படிச் சட்டென்று தொடங்கி நிற்பது இதயத்தின் மின்பாதைக் கோளாறைச் சந்தேகிக்க வைக்கும். உழைப்பால் ஏறிய துடிப்பு படிப்படியாகத்தான் இறங்கும்.

4. பதிவைப் பிடிஎஃப் ஆக்கிக் குறிப்போடு மருத்துவரிடம் கொடுங்கள். ஆப் 'இயல்பு' என்றாலும் கொடுங்கள். ஒரே கோணத்தில் எடுத்த ஒற்றைக் கோட்டை வைத்து இதயத் தசைத் தடிப்பையோ மாரடைப்பையோ இல்லையென்று சொல்ல முடியாது. அதற்கு 12 லீட் ஈசிஜி (12 கோணங்களில் எடுப்பது), எக்கோ (இதய ஸ்கேன்), சில சமயம் டிரெட்மில் பரிசோதனை எல்லாம் தேவைப்படும்.

சிலருக்குப் படபடப்பு நாலைந்து நொடிதான். கருவியை எடுப்பதற்குள் போய்விடும். அவர்கள் ஈசிஜியைப் பதிவு செய்யும், நெஞ்சில் ஒட்டும் பேட்ச் பற்றி மருத்துவரிடம் கேட்கலாம், அதில் சில வகைகள் 14 நாள் வரை விடாமல் பதிவு செய்யும்.