'பேர்' என்றால் பெயர் அல்ல: தோட்டப் பேச்சில் தவறும் இடங்கள்

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டப் பகுதிகளான அட்டனுக்கோ பண்டாரவளைக்கோ மாற்றலாகி வரும் ஆசிரியர்களும் அலுவலர்களும் சறுக்குவது தெரியாத சொற்களில் அல்ல; தெரிந்ததாக நினைத்த சொற்களில்தான்.

முதலில் 'பேர்'. தோட்டத்தில் அது ஒரு நாள் சம்பளக் கணக்கு. பறித்த தேயிலைக் கொழுந்து நிர்ணயித்த கிலோவுக்குக் குறைந்தால் அரைப்பேர்தான் விழும். "எனக்கு அரப்பேருதான் போட்டாங்க ஐயா" என்று ஒருவர் முறையிட, "பெயர் பாதியே பதிவாகியுள்ளது" என்று மனுவில் எழுதினால் முறைப்பாடு அங்கேயே செத்தது. "நிறை குறைவென்று அரைநாள் சம்பளமே பதிந்துள்ளனர்" என்று எழுதுங்கள். திகதி, மலையின் இலக்கம், கொழுந்து மடுவத்தில் (கொழுந்து நிறுக்கும் கொட்டகையில்) நிறுத்த கிலோ மூன்றையும் சேருங்கள். மலை என்பதும் இங்கே சிகரமல்ல, இலக்கமிட்ட தேயிலைப் பரப்பு. 'கைக்காசு' வேறு: ஞாயிறு, விடுமுறை நாள்களில் பறிக்கும் கிலோவுக்குக் கிடைக்கும் காசு. அதைப் பேரோடு கூட்டினால் கணக்கு இடிக்கும்.

யாழ்ப்பாணத்தவருக்குத் தவறணை கள்ளுக்கடை. தோட்டத்தில் தேயிலைக் கன்று வளர்க்கும் நாற்றுமேடை. "அம்மா தவறணைக்குப் போயிட்டாங்க டீச்சர்" என்று பிள்ளை சொன்னால் முகம் சுளிக்காதீர்கள், அம்மா வேலைக்குத்தான் போயிருக்கிறார். முள்ளு குத்துவது முள்கரண்டியால் மண்ணைக் கிளறுவது. ஸ்டோர் தேயிலைத் தொழிற்சாலை. கண்டக்டர் ஐயா பஸ்ஸில் டிக்கெட் கிழிப்பவர் அல்ல, மலையில் வேலையை மேற்பார்ப்பவர்.

இவற்றைக் கொச்சை என்று திருத்தப் புறப்படுவது வீண்வேலை. காம்பரா (அறை) என்ற சொல்லில் போர்த்துக்கேயமும் மடுவத்தில் சிங்களமும் லயம் (தொழிலாளரின் வரிசை வீடு) என்பதில் ஆங்கிலமும் இருக்கின்றன. 'அறை' என்று மாற்றினால் எந்தக் காம்பரா என்பதே குழம்பும். மனுவில் மட்டும் 'தொரை'யை 'தோட்ட முகாமையாளர்' ஆக்கினால் போதும்.

'அடோ' போன்ற சிங்கள இளவட்டச் சொல் நண்பருக்குள் சரி, மூத்தவரிடம் மரியாதைக்கேடு. ஆனால் 'தோட்டக்காட்டான்', 'கள்ளத்தோணி' (கள்ளமாகக் குடியேறியவர்) இரண்டையும் வேடிக்கைக்கும் சொல்லாதீர்கள். 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கு அது வசைதான், வழக்குச் சொல் அல்ல.

சொல் விளங்காவிட்டால் "அது என்ன வேலைங்க?" என்று கேளுங்கள், செய்துகாட்டியே சொல்வார்கள். "நல்ல தமிழில் சொல்லுங்கள்" என்றீர்களோ, "ஒன்னுமில்லீங்க ஐயா" என்று எழுந்து போய்விடுவார்கள்.