ஏரியில் விட்ட டிரவுட்: எதை வீட்டுக்குக் கொண்டுவரலாம்?

அம்மா முதல் தடவை கலிஃபோர்னியா வந்திருந்தபோது, நான் தூண்டிலில் பிடித்த நாலு ரெயின்போ டிரவுட்டை, குளிர்ந்த தண்ணீரில் வாழும் நன்னீர் மீனை, பெருமையாகக் கொண்டுவந்து சிங்க்கில் போட்டேன். ஒவ்வொன்றும் இரண்டு பவுண்டுக்குக் குறையாது. தூத்துக்குடிச் சந்தையில் நாற்பது வருஷமாகச் செவுளைத் தூக்கிப் பார்த்தே மீன் வாங்கியவள் அம்மா. ஒன்றை எடுத்தாள், புரட்டினாள், முதுகைத் தடவினாள். "என்னல இது, மீனுக்குச் செட்டையே இல்ல?"

அப்போதுதான் நானும் சரியாகப் பார்த்தேன். முதுகுத் துடுப்பு இருக்க வேண்டிய இடத்தில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு தழும்பு. மார்புத் துடுப்பு இரண்டும் தேய்ந்துபோன துடைப்பம் மாதிரி. வறுத்தால் சதை வெளிறிக் கொழகொழவென்று உடைந்தது, வாயில் மண் வாடை. அம்மா எனக்காக இரண்டு துண்டு சாப்பிட்டாள். மீதி குப்பைக்குப் போனது. கட்டணம் கட்டி மீன் பிடிக்கும் ஒரு தனியார் ஏரியில் பிடித்தவை அவை. ஏரியின் பெயர் இப்போது எதற்கு?

இது நடந்து பதினோரு வருஷம் ஆகிறது. குளிர்காலத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் சுற்றுவட்டார ஏரிகள், கோடையில் 395 நெடுஞ்சாலை பிடித்துக் கிழக்கு சியர்ரா மலை என்று அலைந்ததில், எந்த மீனைக் கூடையில் போடுவது, எதை விட்டுவிடுவது என்று ஓரளவு பிடிபட்டிருக்கிறது. புதிதாகத் தூண்டில் எடுப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் அந்த மீன் எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டும். தென் கலிஃபோர்னியாவின் அடிவார ஏரிகளில் டிரவுட் தானாக வாழாது. கோடையில் தண்ணீர் சூடாகிவிடும். நவம்பர் வாக்கில் தண்ணீர் குளிர்ந்ததும் மாநில மீன், வனவிலங்குத் துறை தொட்டி லாரியில் கொண்டுவந்து விடும். நாம் கட்டும் மீன்பிடி உரிமப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கு, குஞ்சு பொரித்து வளர்க்கும் மாநிலப் பொரிப்பகங்கள் உள்ளிட்ட மீன்வள வேலைகளுக்குத்தான் போகிறது. லாரியில் வருவது பெரும்பாலும் அரைப் பவுண்டு எடை, பத்துப் பன்னிரண்டு அங்குல நீளம். தனியார் ஏரிக்காரர்கள் பண்ணைகளிலிருந்து இன்னும் பெரியதாக வாங்கி விடுவார்கள். எல்லாமே நீளமான சிமென்ட் வாய்க்காலில் நெருக்கியடித்து வளர்ந்தவை. சிமென்டில் உரசித் துடுப்பு தேயும். தீனிக்கு அடித்துக்கொள்ளும்போது பக்கத்து மீன் முதுகுத் துடுப்பைக் கடிக்கும். அம்மா கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான்.

ஆகவே மீனைக் கரைக்கு இழுத்ததும் எடையை மறந்துவிட்டு முதுகைப் பாருங்கள். வலைக்குள் தண்ணீரிலேயே வைத்து, ஈரக் கையால் முதுகுத் துடுப்பை மெல்ல நிமிர்த்துங்கள். நல்ல வளர்ப்பாக இருந்தால் விசிறி போல விரியும், ஓரம் நேராக இருக்கும், உள்ளே கறுப்புப் புள்ளிகள் வரிசையாகத் தெரியும். மோசமான வளர்ப்பில் சதைக்கட்டி மாதிரி தடித்து மொட்டையாக நிற்கும். அடுத்தது மார்புத் துடுப்பு. பிறகு வாலின் கீழ் முனை வட்டமாகத் தேய்ந்திருக்கிறதா என்று. கடைசியாகச் செவுள் மூடி. அது குட்டையாகி உள்ளே சிவப்பு வெளியே தெரிந்தால், நெருக்கடியிலோ சத்துக் குறைவிலோ வளர்ந்த மீன்.

நான் மிகவும் ரசிப்பது மூன்றாவது வகையை. தேய்ந்த துடுப்பு ஏரிக்கு வந்தபின் மறுபடி வளரும். ஆனால் துடுப்புக்குள் கம்பி போல ஓடும் கதிர்கள் நேராக வளராது. காற்றில் மாட்டி வளைந்த குடைக்கம்பியை நிமிர்த்திய மாதிரி, நடுவில் ஒரு நெளிவு இருக்கும். அந்த நெளிவைப் பார்த்தால், பொரிப்பகத்தில் பிறந்து, ஏரியில் மாதக்கணக்கில் தானே இரை தேடிப் பிழைத்த மீன் என்று அர்த்தம். உடம்பு இறுகியிருக்கும், பக்கவாட்டுச் சிவப்புக் கோடு அழுத்தமாக இருக்கும். இப்படி ஒன்று கிடைத்தால் அது ஒரு பவுண்டாக இருந்தாலும் நான் கொண்டுபோவேன். துடுப்பில்லாத நாலு பவுண்டுக்காரனைவிட இது மேல்.

பெரிய மீன் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஐந்தாறு பவுண்டில் கறுத்து, தாடை கொக்கி போல வளைந்து, வயிறு தொங்கிய ஒன்று மாட்டினால், அது முட்டைக்காகச் சில வருஷம் வளர்த்து, வேலை முடிந்ததும் ஏரியில் விட்ட தாய் மீனோ ஆண் மீனோ ஆக இருக்கலாம். படம் எடுக்க நன்றாக இருக்கும். சாப்பிடச் சவசவ என்று இருக்கும். இனப்பெருக்கக் காலத்தில் உடம்பிலுள்ள கொழுப்பும் நிறமும் முட்டைக்கும் விந்துக்கும் போய்விடுவதால் சதை வெளிறி மென்மையாகிவிடும். சின்ன மீனிலும் இது நடக்கும். பிப்ரவரி, மார்ச்சில் வயிறு உப்பிய பெண் மீன் நிறைய வரும்.

இதற்குத்தான் டிரிப்ளாய்டு மீன். கருவுற்ற முட்டையைச் சற்று நேரத்திலேயே வெதுவெதுப்பான நீரிலோ உயர் அழுத்தத்திலோ கொஞ்ச நேரம் வைத்தால், குஞ்சுக்கு இரண்டு தொகுதி குரோமோசோமுக்குப் பதில் மூன்று தொகுதி இருக்கும். மலட்டு மீன். முட்டை வைக்காது, அந்தச் சத்தெல்லாம் சதைக்கே போகும். மரபணு மாற்றம் என்று சிலர் பயப்படுகிறார்கள். வெளியிலிருந்து எந்த மரபணுவையும் இதில் நுழைப்பதில்லை. தனியார் ஏரிக்குப் போகும் முன் போன் போட்டு, "டிரிப்ளாய்டா? எந்தப் பண்ணை மீன்? கடைசியாக எப்போது விட்டீர்கள்?" என்று மூன்று கேள்வி கேளுங்கள். ஒழுங்காகப் பதில் சொல்கிற ஏரிக்குப் போங்கள். "நல்ல பெரிய மீன் சார்" என்று மட்டும் சொன்னால் நான் போவதில்லை.

ஏரியைத் தேர்ந்தெடுப்பதில் பாதி வேலை முடிந்துவிடும். பிடித்துப்போக விடும் ஏரி, வளர விடும் ஏரி என்று இரண்டு வகை உண்டு. முதல் வகையில் பெரிய மீனை விட்டு, இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலானதைப் பிடித்து முடித்துவிடுவார்கள். இரண்டாவது வகையில் விரல் நீளக் குஞ்சையோ அதைவிடச் சற்றுப் பெரியதையோ விட்டுவிட்டு, ஏரியே வளர்க்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். இரண்டாவதற்குச் சிறந்த உதாரணம் மேமத் லேக்ஸ் பக்கத்திலுள்ள கிரவுலி ஏரி. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக்குக் குடிநீர் தர 1941-இல் கட்டிய அணையால் உண்டான ஏரி, கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 6,800 அடி உயரத்தில் இருக்கிறது. இலையுதிர் காலத்தில் விடும் சின்ன மீன், மிட்ஜ் பூச்சியின் புழுவையும் குட்டி பெர்ச் மீனையும் தின்று அடுத்த வசந்தத்துக்குள் கொழுத்துவிடும். ஏப்ரல் கடைசி சனிக்கிழமை சீசன் திறக்கும் நாளில் விடியற்காலையிலேயே படகுகள் வரிசை கட்டி நிற்கும். கிறிஸ்மஸ் மாதிரி அதை ஃபிஷ்மஸ் என்பார்கள். கூட்டம் எனக்கு ஒத்துவராது. ஒரு வாரம் கழித்துப் போவேன்.

பிடித்துப்போக விடும் ஏரியென்றால், லாரி வரும் வாரத்தைத் துறையே இணையத்தில் போடுகிறது. லாரியைத் துரத்திக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எண்ணிக்கைக்கு அது சரி. ஆனால் இறங்கிய அன்று மீன் மிரண்டு, படகுத்துறைப் பக்கமே கும்பலாகச் சுற்றும், வயிற்றில் பண்ணைத் தீனி மட்டும் இருக்கும். முடிந்தால் மூன்று நாலு வாரம் கழித்துப் போங்கள். குறைவாகத்தான் மாட்டும், மாட்டுவது நன்றாக இருக்கும். கூடவே ஒரு தெர்மாமீட்டரை நூலில் கட்டி எடுத்துப் போங்கள். 50 முதல் 60 டிகிரி ஃபாரன்ஹீட் வரை டிரவுட்டுக்குச் சுகம். 68-ஐத் தாண்டினால் நான் தூண்டிலை மடக்கிவிடுவேன். மூச்சுக்குத் தவிக்கிற மீனின் சதையும் நன்றாக இருக்காது, விட்டாலும் பிழைக்காது. தண்ணீர் பச்சைச் சாயம் கரைத்த மாதிரி இருந்தால் அங்கேயே திரும்பிவிடலாம்.

பொறுக்கி எடுக்கப்போகிறீர்கள் என்றால் மாவு இரை வேண்டாம். பவர்பெய்ட் மாதிரி இரையை மீன் தொண்டைக்குள் விழுங்கிவிடும், அப்புறம் திருப்பி விட்டாலும் பெரும்பாலும் செத்துப்போகும். எதிர்முள்ளை நசுக்கிய ஒற்றைக் கொக்கி மாட்டிய சின்ன ஸ்பூனோ ஸ்பின்னரோ (பளபளக்கும் உலோகப் போலி இரைகள்) போதும், உதட்டில்தான் மாட்டும். கயிற்றில் கோத்த மீனை, பெரியது கிடைத்ததும் கழற்றி விடுகிற பழக்கமும் வேண்டாம். அது பிழைக்காது. பெரும்பாலான ஏரிகளில் நாளைக்கு ஐந்துதான் கணக்கு. ஐந்தையும் நிரப்பித்தான் ஆக வேண்டுமென்று யாரும் சொல்லவில்லை.

கொண்டுபோவது என்று முடிவு செய்த மீனைக் கயிற்றில் கட்டி வெதுவெதுப்பான ஓரத் தண்ணீரில் சாக விடாதீர்கள். தலையில் ஓர் அடி, செவுளில் ஒரு வெட்டு, இரத்தம் வடிந்ததும் ஐஸ் பெட்டி. முதல் மீனின் வயிற்றை அங்கேயே கீறி இரைப்பையைத் திறந்து பார்ப்பது என் வழக்கம். புழு, நண்டு, குட்டி மீன் இருந்தால் சந்தோஷம். ஒருமுறை மரப்பட்டைத் துண்டு மூன்று, சின்னக் கூழாங்கல், ஒரு சிகரெட் பஞ்சு இருந்தன. தீனி உருண்டை போலத் தெரிவதையெல்லாம் விழுங்கியிருக்கிறது, பாவம். அன்றைக்கு அந்த ஒன்றோடு நிறுத்திக்கொண்டேன்.

கண் பிதுங்கியோ, உடம்பில் புண்ணோடோ, சுற்றிச்சுற்றி நீந்தியோ இருந்தால் எடுக்காதீர்கள். 2020-இல் மொஹாவி ரிவர், பிளாக் ராக், ஃபிஷ் ஸ்பிரிங்ஸ் என்ற மூன்று மாநிலப் பொரிப்பகங்களில் லாக்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா புகுந்து, 32 லட்சம் மீன்களைக் கொல்ல வேண்டிவந்தது. பிதுங்கிய கண் அதன் ஓர் அடையாளம். மனிதருக்குத் தொற்றுவது மிக அரிது என்று துறை சொன்னது, நன்றாக வேகவைத்தால் போதும் என்றும் சொன்னது. பிறகு மீன்களுக்குத் தடுப்பூசி போட ஆரம்பித்தார்கள். மீனுக்கு ஊசி என்று அம்மாவிடம் போனில் சொன்னபோது நம்பவே இல்லை.

இனி அடுக்களை. டிரவுட்டுக்குச் செதில் பொடிப்பொடியாக இருக்கும், சுரண்ட வேண்டாம், உப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்துக் கழுவினால் வழவழப்பு போய்விடும். குடலை எடுத்ததும் முதுகெலும்பை ஒட்டிக் கருஞ்சிவப்பாக ஒரு கோடு ஓடும். அதைக் கட்டை விரல் நகத்தாலோ ஸ்பூனாலோ வழித்து எடுத்துவிட வேண்டும். கசப்பு பெரும்பாலும் அங்கேதான்.

சதை ஆரஞ்சாக இருந்தால் உடனே மயங்காதீர்கள். இயற்கையில் இறால் வகைச் சிற்றுயிர்களைத் தின்றாலும் அந்த நிறம் வரும், பண்ணைத் தீனியில் அஸ்டாசாந்தின் என்ற நிறமியைக் கலந்தாலும் அதே நிறம் வரும். வெள்ளைச் சதை என்பதற்காக ஒதுக்கவும் வேண்டாம். விரலால் அழுத்திப் பாருங்கள், குழி உடனே நிமிர்ந்தால் நல்ல சதை. குடலைச் சுற்றி வெள்ளைக் கொழுப்பு அப்பியிருந்தால் தீனி மீன். அதை மொத்தமாக வழித்து எறியுங்கள்.

மண் வாடைக்குக் காரணம் ஜியோஸ்மின் என்ற பொருள். நீலப்பச்சைப் பாசியும் சில மண் பாக்டீரியாக்களும் உண்டாக்குவது. முதல் மழையில் எழுகிற மண் வாசனையும் இதேதான். மண்ணில் என்றால் மணக்கிறது, மீனில் என்றால் நாறுகிறது. இது கொழுப்பில் போய்த் தங்கும், ஆகவே தோலையும் வயிற்றுச் சதையையும் நடுப்பக்கத்துக் கறுப்புச் சதையையும் நீக்கினால் பாதி போய்விடும். மீதியைப் புளி பார்த்துக்கொள்ளும். புளிப்பு அந்தப் பொருளையே சிதைக்கிறது. நம்மூர்க் குழம்பு முறை இங்கே கைகொடுக்கிறது. சந்தேகமான மீன் என்றால் எலுமிச்சைச் சாற்றில் அரை மணி ஊறவைத்து, நல்ல கெட்டிப் புளிக்குழம்பு. துடுப்பு விரிந்த நல்ல மீன் என்றால் மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு மட்டும் தடவித் தோலோடு இரும்புக்கல்லில் வறுவல். அதில் புளியைக் கொட்டுவது பாவம்.

இரண்டாவது தடவை அம்மா வந்தபோது கிரவுலியிலிருந்து மூன்று மீன் கொண்டுவந்தேன். ஒன்றேகால் பவுண்டு இருந்தால் அதிகம். சிங்க்கில் போட்டதும் அம்மா முதலில் முதுகுத் துடுப்பைத்தான் இரு விரலால் பிரித்தாள், நெளிவைத் தடவினாள். செவுளைத் தூக்கிப் பார்த்தாள். "இது பரவால்ல" என்றவள், தலையை வெட்டித் தனியாக வைக்கச் சொன்னாள், சாயங்காலம் குழம்புக்கு.