முடக்குவாத ரத்த அறிக்கையை வாசிக்கும் முறை

முடக்குவாதத்தை மூட்டுத் தேய்மானம் என்று நினைத்து ஆண்டுக்கணக்கில் தைலம் தடவிக்கொண்டிருப்போர் இன்றும் உண்டு. உடலைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்பு மண்டலமே மூட்டின் உட்புறம் இருக்கும் மெல்லிய சவ்வைத் தாக்கி, அதை வீங்கச் செய்து, நாளடைவில் எலும்பையும் அரிக்கும் நோய் இது. அந்தத் தாக்குதலின் தடயங்கள் ரத்தத்தில் தெரியும். அறிக்கையைப் பின்வரும் வரிசையில் வாசித்தால் மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது புரியும். நோயை உறுதிசெய்வது அவர் வேலை.

படி 1: பரிசோதனைகளை இரண்டாகப் பிரியுங்கள்

ஒரு பென்சிலை எடுத்து, ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி சி.சி.பி. ஆகிய இரண்டையும் ஒரு வட்டத்துக்குள்ளும், ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ஆகிய இரண்டை இன்னொரு வட்டத்துக்குள்ளும் இடுங்கள். முதல் வட்டம் "இது எந்த நோய்?" என்ற கேள்விக்கு உதவுகிறது, இரண்டாவது, "இன்று அழற்சி எவ்வளவு?" என்பதைக் காட்டுகிறது. பெரும்பாலான குழப்பங்கள் இவ்விரண்டையும் ஒன்றாகக் கலப்பதால் வருபவை.

படி 2: எதிர்ப்பொருள்களைப் பாருங்கள்

எதிர்ப்பொருள் என்பது கிருமிகளை எதிர்க்க நோயெதிர்ப்பு மண்டலம் உருவாக்கும் புரதம். ஆர்.ஏ. ஃபேக்டர் என்பது நம் உடலின் எதிர்ப்பொருளையே எதிர்க்கும் இன்னொரு எதிர்ப்பொருள். முடக்குவாதம் உள்ளவர்களில் ஏறத்தாழ 100க்கு 20 முதல் 30 பேருக்கு இது இருப்பதில்லை. மறுபுறம், ஹெபடைடிஸ் சி, காசநோய் போன்ற தொற்றுகளிலும், நோயே இல்லாத சில முதியவர்களிடமும் இது காணப்படுவதுண்டு. ஆகவே மூட்டு வீக்கமே இல்லாத ஒருவருக்கு இந்த ஒரு முடிவை வைத்து முடக்குவாதம் என்று சொல்லிவிட முடியாது.

ஆன்டி சி.சி.பி. இதைவிட நம்பகமானது. உடலிலுள்ள சில புரதங்களில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் சிட்ரலினாக மாறும்போது, மரபுவழியாக அதற்கு ஏதுவான சிலரின் நோயெதிர்ப்பு மண்டலம் அப்புரதங்களை அயலாகக் கருதிவிடுகிறது. புகைபிடித்தல் இம்மாற்றத்தை நுரையீரலில் தூண்டுகிறது. மூட்டு வலிப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பே இந்த எதிர்ப்பொருள் ரத்தத்தில் தோன்றியிருக்கக்கூடும்.

2010ஆம் ஆண்டின் அமெரிக்க, ஐரோப்பிய வகைப்பாட்டு விதிகளின்படி, இயல்பு வரம்பைப் போல் 3 மடங்குக்கு மேற்பட்ட அளவே "மிகுதி" எனப்படும். நோய் உறுதியான பின் இந்த இரண்டு எதிர்ப்பொருள்களையும் மாதந்தோறும் திரும்பப் பார்ப்பது, என் கருத்தில், பணத்தை வீணாக்குவதே.

படி 3: அழற்சியை அளவிடுங்கள்

சி.ஆர்.பி. கல்லீரலில் உருவாகும் புரதம். அழற்சி தொடங்கிய சில மணி நேரத்திலேயே உயர்ந்து, அது தணிந்ததும் விரைவில் இறங்கிவிடும். முதலில் அலகைக் கவனியுங்கள். லிட்டருக்கு 12 மில்லிகிராம் என்பதும் டெசிலிட்டருக்கு 1.2 மில்லிகிராம் என்பதும் ஒன்றே. ஆய்வகத்தை மாற்றியவர்கள் இதை அறியாமல் நோய் பத்து மடங்கு குறைந்துவிட்டதாக மகிழ்ந்துவிடுவார்கள்.

ஈ.எஸ்.ஆர். என்பது குழாயில் வைத்த ரத்தத்தின் சிவப்பணுக்கள் ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் கீழே படிகின்றன என்ற அளவு. இது மெதுவாக ஏறி மெதுவாக இறங்குவது. ரத்தசோகை, கர்ப்பம், வயது ஆகியவையும் அதை உயர்த்தும். ஆண்களுக்கு வயதில் பாதியும், பெண்களுக்கு வயதுடன் 10 கூட்டி அதில் பாதியும் தோராயமான மேல்வரம்பு என்று கொள்ளலாம். 60 வயதுப் பெண்ணுக்கு அது 35.

படி 4: ஹீமோகுளோபினை விட்டுவிடாதீர்கள்

நீடித்த அழற்சியில் இன்டர்லூகின் 6 என்ற வேதிப்பொருள் கல்லீரலை ஹெப்சிடின் சுரக்கத் தூண்டுகிறது. ஹெப்சிடினோ இரும்புச்சத்தைச் செல்களுக்குள்ளேயே பூட்டிவைக்கிறது. கிடங்கில் நெல் இருந்தும் அடுப்பில் உலை ஏறாத நிலை இது. இரும்புச்சத்தின் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் என்ற புரதம் இயல்பாகவோ மிகுந்தோ இருந்து ஹீமோகுளோபின் மட்டும் குறைந்திருந்தால், முருங்கைக்கீரையையும் இரும்பு மாத்திரையையும் மட்டும் நம்புவதால் பெரும்பயன் இராது. அழற்சி அடங்க வேண்டும்.

படி 5: நோட்டில் எழுதுங்கள்

தேதி, சி.ஆர்.பி., ஈ.எஸ்.ஆர்., வீங்கிய மூட்டுகளின் எண்ணிக்கை, காலையில் விறைப்பு விலக எத்தனை நிமிடம் ஆனது என்பனவற்றை ஒரே வரியில் குறியுங்கள். எண் இயல்பாக இருந்தும் விரல்கள் வீங்கியிருந்தால், விரல்களையே நம்புங்கள்.

படி 6: மருந்தோடு சேர்த்து வாசியுங்கள்

மெத்தோட்ரெக்ஸேட், முடக்குவாதத்துக்கு வாரத்துக்கு ஒரே நாள் உட்கொள்ளும் மருந்து. தவறுதலாகத் தினமும் உட்கொண்டால் உயிருக்கே ஆபத்து. அதை எடுப்போர் கல்லீரல் நொதிகளையும் ரத்த அணுக்களின் எண்ணிக்கையையும் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் பார்த்துவர வேண்டும். அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். என்ற புரதத்தைத் தடுக்கும் ஊசி மருந்துகள் உறங்கிக்கிடக்கும் காசநோயை எழுப்பிவிடக்கூடும் என்பதால், தொடங்கும் முன் அதற்கான பரிசோதனை அவசியம். இன்டர்லூகின் 6 வழியைத் தடுக்கும் டோசிலிசுமாப் போட்டுக்கொள்பவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும்: அம்மருந்து சி.ஆர்.பி.யை நேரடியாகவே தாழ்த்திவிடுவதால், காய்ச்சல் வரும் நாளில் அந்த எண் இயல்பாக இருந்தாலும் தொற்று இல்லை என்று பொருளாகாது. அன்றே மருத்துவரைப் பாருங்கள்.