புதிய காற்றாலைத் திட்டம் ஒன்றின் சுற்றாடல், சமூகத் தாக்கங்களை மதிப்பிடுவது எப்படி? மன்னார்த் தீவை முன்வைத்து ஒரு செய்முறை விளக்கம்

மன்னார்த் தீவின் தென்கரையில், நடுக்குடாவை அண்டிய மணற்பரப்பில், ஒவ்வொன்றும் 3.45 மெகாவாட் வலுக்கொண்ட 30 காற்றாலைக் கோபுரங்கள் நிற்கின்றன. ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியோடு இலங்கை மின்சார சபை அமைத்த இந்தத் ‘தம்பபவனி’ நிலையம் 2020 டிசெம்பரில் திறந்துவைக்கப்பட்டது. அதன் பின்னர் அதே தீவில் 52 கோபுரங்களுடன் 250 மெகாவாட் திட்டம் ஒன்றை அதானி கிரீன் எனர்ஜி நிறுவனம் முன்வைத்து, உயர் நீதிமன்ற வழக்குகளுக்கும் விலைப் பேச்சுக்களுக்கும் இடையில் 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. அதே ஆண்டு ஆகஸ்டில், 20 மெகாவாட், 50 மெகாவாட் அளவிலான வேறு இரு திட்டங்களை எதிர்த்து மன்னார் மக்கள் வீதியில் இறங்க, பணிகள் ஒரு மாதம் இடைநிறுத்தப்பட்டன.

வெள்ளம் வடிய மறுக்கிறது, கரையோரத்தில் மீன் குறைந்துவிட்டது என்று மக்கள் சொன்னார்கள். அதற்குக் காற்றாலை காரணம் அல்ல என்று மறுபக்கத்தில் பதில் வந்தது. இத்தகைய வழக்கைத் தீர்க்கக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: கோபுரம் நடப்படும் முன்னர் அந்த இடம் எப்படி இருந்தது என்பதற்கான அளவீடு. அது தவறிவிட்டால் பின்னர் எவ்வளவு பணம் கொடுத்தாலும் திரும்ப வாங்க முடியாது. ஆகவே, சுற்றாடல் கற்கும் மாணவர்களையும் கடற்றொழிலாளர் சங்கச் செயலாளர்களையும் மனத்தில் வைத்து எழுதப்படும் இவ்விளக்கம், ‘முன்னர்’ என்ற சொல்லுக்கே அதிக இடம் கொடுக்கிறது.

முதலாம் படி: திட்டத்தை முழுமையாக வரைந்துகொள்ளுங்கள்

காற்றாலை என்றதும் கோபுரம் மட்டுமே கண்ணில் படும். ஆனால் நிலத்தில் அதிக இடத்தைப் பிடிப்பவை வேறு: பாரந்தூக்கி நிற்பதற்காக ஒவ்வொரு கோபுரத்தின் அடியிலும் இறுக்கப்படும் மேடை, நீண்ட இறக்கைகளை ஏற்றிவரும் வாகனம் திரும்பக்கூடிய அகலமான பாதைகள், நிலத்தடிக் கம்பிகளுக்கான அகழிகள், துணை மின்நிலையம், அங்கிருந்து நாட்டின் மின்வலையமைப்புக்குச் செல்லும் உயரழுத்தக் கம்பிகள், பாதை நிரப்பக் கிரவல் எடுக்கப்படும் இடம். ஒரு வரைபடத்தில் இவை அனைத்தையும் குறித்து, அதன் மீது வீடுகள், கிணறுகள், பள்ளிக்கூடங்கள், கரைவலைப் பாடுகள் (கரையிலிருந்து வலை இழுக்கும் இடங்கள்), பனங்கூடல்கள், தரவைகள் (தாழ்வான வெளிகள்), குளங்கள், பறவைகள் கூடும் களப்புகள் ஆகியவற்றையும் குறியுங்கள். செய்மதிப் படத்தை அச்சிட்டு அதன்மேல் கையால் வரைந்தாலும் போதும். கம்பிப் பாதையையும் கிரவல் எடுக்கும் இடத்தையும் விட்டுவிட்டு வரையப்பட்ட படத்தை வைத்துக்கொண்டு எந்த மதிப்பீட்டையும் தொடங்க வேண்டாம்.

இரண்டாம் படி: எந்த அறிக்கை, எந்தக் காலக்கெடு என்பதை அறிந்துகொள்ளுங்கள்

இலங்கையில் 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், குறித்துரைக்கப்பட்ட திட்டங்களுக்கு ஆரம்பச் சுற்றாடல் பரிசோதனை அல்லது சுற்றாடல் தாக்க மதிப்பீடு தேவைப்படுகிறது. முன்னது சுருக்கமானது, பின்னது விரிவானது. விரிவான அறிக்கை 30 வேலை நாட்களுக்குப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டு, எழுத்து மூலமான கருத்துகள் பெறப்பட வேண்டும். கடற்கரையில் சராசரி உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து 300 மீட்டர் வரையிலான நிலப்பகுதி கரையோர வலயத்துக்குள் வருவதால் அதற்கென வேறு அனுமதியும் உண்டு.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இடையில் ஒரு சொல்: இந்தியாவின் 2006 ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் காற்றாலை இடம்பெறவில்லை. ஆரல்வாய்மொழியிலோ கயத்தாற்றிலோ அறிக்கை கேட்டு யாரும் உங்கள் கதவைத் தட்டமாட்டார்கள். அதனாலேயே, ஊர்மட்டத்தில் தாமாகச் செய்யப்படும் மதிப்பீட்டுக்கு அங்கே தேவை அதிகம்.

மூன்றாம் படி: ஓர் ஆண்டு முழுவதும் பறவைகளைக் கணக்கெடுங்கள்

மன்னார், மத்திய ஆசியப் பறவை வலசைப் பாதையின் தென்முனையை ஒட்டி அமைந்துள்ளது. தீவுக்கு எதிரே பெருநிலப்பரப்பில் உள்ள வங்காலைச் சரணாலயம் 2010 இல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. பூநாரைகளும் ஊசிவால் வாத்துகளும் மூக்கன்களும் ஏறத்தாழ ஒக்டோபரில் வந்து மார்ச், ஏப்ரல் வரை தங்குகின்றன. அதாவது வாடைக் காற்றின் காலத்தில். காற்றாலைக்கு உகந்த வலுவான காற்றோ மே முதல் செப்டெம்பர் வரை வீசும் சோளகத்தில், அதாவது தென்மேற்குக் காற்றில், வருகிறது. சோளகத்தில் மூன்று மாதம் மட்டும் கணக்கெடுத்துவிட்டு ‘இங்கே பறவைகள் குறைவு’ என்று எழுதப்பட்ட அறிக்கை பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அதற்குப் பயனும் இல்லை. ஓர் அறிக்கை கையில் கிடைத்தால் நான் முதலில் புரட்டுவது முடிவுரையை அல்ல, களஆய்வு நடந்த தேதிகளின் அட்டவணையைத்தான்.

முறை எளிதானது. உயரமான ஓரிடத்தில் அமர்ந்து, சுற்றிலும் இரண்டு கிலோமீட்டர் வரை பார்த்து, கடக்கும் ஒவ்வொரு பறவைக் கூட்டத்துக்கும் இனம், எண்ணிக்கை, திசை, நேரம், உயரம் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். உயரத்தை மூன்று அடுக்காகப் பிரித்தால் போதும்: இறக்கைகள் எட்டும் உயரத்துக்குக் கீழே, அந்த உயரத்துக்குள், அதற்கு மேலே. இறக்கையின் நுனி 40 மீட்டரிலிருந்து 160 மீட்டர் வரை சுற்றுமானால் நடு அடுக்கு அதுதான். ஸ்கொட்லாந்தில் பின்பற்றப்படும் வழிகாட்டி, ஓர் அவதானிப்பு இடத்தில் ஒரு பருவத்துக்குக் குறைந்தது 36 மணிநேரம் என்கிறது. வாத்துகளும் கரைப்பறவைகளும் இரவிலும் இடம்பெயர்வதால், கண்ணால் பார்ப்பது மட்டும் போதாது. களப்புக்கும் கடலுக்கும் இடையில் கோபுர வரிசை வருமானால் ராடார் கேட்பது நியாயமான கோரிக்கை. வௌவால்களுக்கு மீயொலிப் பதிவுக் கருவி வேண்டும்.

உயரழுத்தக் கம்பிகளைத் தனியாக மதிப்பிடுங்கள். நீண்ட கழுத்தும் காலும் கொண்டு கூட்டமாகப் பறக்கும் பூநாரைக்குச் சுழலும் இறக்கையைவிட, அந்தி வெளிச்சத்தில் தெரியாத மெல்லிய கம்பி பெரிய ஆபத்தாக இருக்கலாம்.

மோதி இறப்பது மட்டுமே தாக்கம் அல்ல என்பதற்கு மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு சான்று உண்டு. மகாராட்டிரத்தின் சால்கேவாடி மேட்டுநிலத்தில் நடந்து 2018 இல் வெளிவந்த ஆய்வு, காற்றாலை உள்ள பகுதியில் கொன்றுண்ணிப் பறவைகள், காற்றாலை இல்லாத பகுதியில் உள்ளதைவிட ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகவும், அவற்றுக்கு இரையாகும் ஓணான்கள் கூடுதலாகவும் இருந்ததைக் கண்டது. ஆகவே உங்கள் கணக்கெடுப்பு பறவைகளோடு நின்றுவிடக் கூடாது.

நான்காம் படி: நீர் செல்லும் வழியை அளவிடுங்கள்

மன்னார்த் தீவு தட்டையானது. மாரியில் விழும் மழை, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய சரிவுகளைப் பின்பற்றியே கடலை அடைகிறது. அரை மீட்டர் உயர்த்தப்பட்ட ஒரு கிரவல் பாதை அங்கே அணைக்கட்டாக மாறிவிடக்கூடும். ஆகவே, திட்டமிடப்பட்ட ஒவ்வொரு பாதையின் நெடுகிலும் நில மட்டத்தை அளக்கச் சொல்லுங்கள். பாதை எந்தத் தரவையை எங்கே குறுக்கறுக்கிறது, அங்கே எத்தனை மதகுகள், எவ்வளவு அகலத்தில் வருகின்றன என்று கேளுங்கள். அதற்கு முன்னர் வரும் மாரியிலேயே, மழை நின்றபின் எந்த ஒழுங்கையில் எத்தனை நாள் தண்ணீர் நிற்கிறது என்பதைத் தேதியிட்ட படங்களுடன் பதிந்துவையுங்கள். சுவரில் மஞ்சள் நிறத்தில் ஒரு கோடும் பக்கத்தில் தேதியும் இருந்தால், நாளை எந்த விசாரணையிலும் அது பேசும்.

கிணறுகளையும் மறக்க வேண்டாம். மணல் தீவில் நன்னீர், உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. அத்திவாரக் குழியைக் காயவைக்கப் பெருமளவு நீரை இறைத்தால் உவர் மேலேறலாம். அருகிலுள்ள பத்துப் பதினைந்து கிணறுகளில் மாதம் ஒருமுறை நீர்மட்டத்தையும், உவர்ப்பைக் காட்டும் மின்கடத்துதிறனையும் அளந்து எழுதிவந்தாலே நல்ல பதிவேடு ஒன்று உருவாகிவிடும்.

ஐந்தாம் படி: ஒலியையும் நிழலையும் கணக்கிடுங்கள்

ஒலியை அளக்கும் அலகான டெசிபெலைச் சாதாரண எண் போலக் கூட்ட முடியாது. ஒரு கோபுரத்தால் உங்கள் முற்றத்தில் 40 டெசிபெல் ஒலி கேட்குமானால், அதே தூரத்தில் இன்னொரு கோபுரம் வந்தால் 43 ஆகும், 80 ஆகாது. தூரம் இரட்டித்தால் ஏறத்தாழ 6 டெசிபெல் குறையும். உலக வங்கிக் குழுமத்தின் வழிகாட்டி குடியிருப்புகளுக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபெல் என்று வரையறுக்கிறது. அதே குழுமத்தின் 2015 ஆம் ஆண்டுக் காற்றாலை வழிகாட்டியோ, ஆரம்பக் கணிப்பில் 35 டெசிபெலுக்குக் கீழ் இருந்தால் மேலதிக ஆய்வு தேவைப்படாது என்கிறது. இரவில் நிலமட்டத்தில் காற்று அடங்கியும் கோபுர உயரத்தில் வீசியும் இருக்கும் வேளைதான் சத்தம் அதிகம் உறுத்தும். ஆகவே பின்னணி ஒலியை அளப்பவர்கள் நள்ளிரவில் அளந்தார்களா என்று பாருங்கள்.

சுழலும் இறக்கையின் நிழல் வீட்டுக்குள் விட்டுவிட்டு விழுவதற்கு, ஆண்டுக்கு 30 மணிநேரம், நாளுக்கு 30 நிமிடம் என்ற எல்லையை அதே வழிகாட்டி தருகிறது. நிழல் எட்டும் தூரத்தைச் சுழல்வட்ட விட்டத்தின் பத்து மடங்காகக் கொள்வது வழக்கம். விட்டம் 126 மீட்டரானால் 1,260 மீட்டர். ஐரோப்பாவிலிருந்து வரும் வரைபடங்களை அப்படியே பார்த்துப் பழக வேண்டாம். மன்னாரின் 9 பாகை அகலாங்கில் சூரியன் நேர் கிழக்கிலிருந்து இருபுறமும் ஏறத்தாழ 24 பாகைக்குள்ளேயே உதிப்பதால், காலை நிழல் மேற்கே ஒரு விசிறியாகவும் மாலை நிழல் கிழக்கே ஒரு விசிறியாகவும் விழும். கோபுரத்துக்குக் கிழக்கிலும் மேற்கிலும் உள்ள வீடுகளே பாதிக்கப்படும். வடக்கிலும் தெற்கிலும் உள்ளவை பெரும்பாலும் தப்பிவிடும். இந்த ஒன்றை வைத்தே கோபுரத்தின் இடத்தைச் சற்று நகர்த்தச் சொல்லலாம்.

ஆறாம் படி: காணியும் கடலும் யாருடையவை என்று கேளுங்கள்

இந்தப் படியில் அவசரப்பட வேண்டாம். மன்னாரில் காணியின் கதை உறுதிப்பத்திரத்தில் முடிவதில்லை. 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். போரில் தமிழ்க் குடும்பங்களும் பலமுறை இடம்பெயர்ந்தன. 2009 க்குப் பின்னர் பலர் திரும்பினார்கள். ஒரே துண்டுக்கு உறுதி ஒருவரிடமும், அனுமதிப்பத்திரம் இன்னொருவரிடமும், இருபது ஆண்டுப் பயன்பாடு மூன்றாமவரிடமும் இருக்கலாம். ‘அரச காணி, உரிமையாளர் இல்லை’ என்று அறிக்கை சொல்லும் இடத்தில் மாடு மேய்ப்பவர், ஓலை வெட்டுபவர், விறகு எடுப்பவர் ஆகியோரைத் தேடிக் கண்டுபிடித்து எழுதுவதே மதிப்பீட்டாளரின் வேலை.

இதை அலட்சியம் செய்ததன் விலை வேறு நாடுகளிலும் தெரிந்தது. கென்யாவின் துர்க்கானா ஏரியருகில் 365 கோபுரங்கள் எழுந்த பின்னர், 2021 இல் நீதிமன்றம் அந்த நிலத்தின் உறுதிகள் முறைகேடானவை என்றது. அதே ஆண்டு நோர்வேயின் உச்ச நீதிமன்றம், ஃபோசன் பகுதியில் கட்டி முடிக்கப்பட்டிருந்த காற்றாலைகளின் உரிமம், கலைமான் மேய்க்கும் சாமி மக்களின் பண்பாட்டு உரிமையை மீறியதாகத் தீர்ப்பளித்தது.

கடற்றொழிலுக்கு ஆண்டு நாட்காட்டி ஒன்று தயாரியுங்கள்: எந்த மாதம் கரைவலை, எந்தப் பாடுகளில், எத்தனை பேர், கருவாடு காயவைப்பது எங்கே, அதில் பெண்களின் பங்கு என்ன. சங்கத்தின் விற்பனைப் பதிவேடுகள் மூன்று ஆண்டுக்காவது இருந்தால் அவற்றைப் படமெடுத்து வையுங்கள். கூட்டம் கூட்டும்போது, கடலுக்குப் போகும் நேரத்தில் கூட்டாதீர்கள். பெண்களிடம் தனியாகக் கேளுங்கள். அறிக்கையின் சுருக்கத்தைத் தமிழில் கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்னரே கொடுங்கள். வருகைப் பதிவில் வாங்கிய கையெழுத்தைச் சம்மதமாகக் காட்டும் வழக்கம் இருப்பதால், தாளின் தலைப்பை வாசிக்காமல் கையெழுத்து வைக்க வேண்டாம் என்று எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

ஏழாம் படி: எல்லாத் திட்டங்களையும் ஒன்றாகக் கூட்டுங்கள்

20 மெகாவாட் திட்டம் தனியாகப் பார்த்தால் சிறிது. 50 மெகாவாட் திட்டமும் பெரிதாகத் தெரியாது. ஆனால் பறவையும் வெள்ளநீரும் திட்டத்தின் பெயரைப் பார்த்து வழி மாறுவதில்லை. முதலாம் படியில் வரைந்த படத்தில் ஏற்கெனவே உள்ள 30 கோபுரங்களையும், அறிவிக்கப்பட்ட ஏனைய அனைத்தையும் சேர்த்து, பறவைகள் கடக்க எஞ்சும் இடைவெளி எவ்வளவு, ஒரே வீட்டுக்கு மொத்த ஒலி எவ்வளவு என்று மீண்டும் கணக்கிடுங்கள். என் பார்வையில் மன்னாரின் மையக் கேள்வி இதுதான்.

எட்டாம் படி: தணிப்பு வழிகளைச் சோதியுங்கள்

வரிசை முக்கியம்: முதலில் தவிர்த்தல், பின்னர் குறைத்தல், அதன் பின்னரே ஈடுசெய்தல். விளையாட்டு மைதானத்துக்கும் கோயில் கூரைக்கும் கொடுக்கப்படும் நிதி இவற்றில் எதுவும் அல்ல. மெய்ப்பிக்கப்பட்ட வழிகள் உண்டு. ஸ்பெயினின் தரிஃபாவில் கழுகு நெருங்கும்போது குறிப்பிட்ட கோபுரங்களை நிறுத்தியதால் பிணந்தின்னிக் கழுகுகளின் இறப்பு ஏறத்தாழ பாதியானது; இழந்த மின்சாரம் 0.07 சதவீதம் மட்டுமே. நோர்வேயின் ஸ்மேலாத் தீவில் ஓர் இறக்கைக்குக் கறுப்பு வர்ணம் பூசிய கோபுரங்களில் பறவை இறப்பு 70 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. ஆனால் அங்கே வர்ணம் பூசப்பட்டவை நான்கு கோபுரங்களே என்பதால் அதை மட்டும் நம்பியிருக்கக் கூடாது.

இயங்கத் தொடங்கியபின் செய்யும் கண்காணிப்புக்கு ஒரு கணக்கு தெரிந்திருக்க வேண்டும். கோபுரத்தடியில் ஐந்து பறவை உடல்கள் கிடைத்தால் இறந்தது ஐந்து என்று பொருளல்ல. தேடுபவர் பாதியைத்தான் காண்கிறார், நாயும் காகமும் பாதியை முன்னமே எடுத்துவிடுகின்றன என்று சோதனையில் தெரிந்தால், 5 ஐ 0.5 ஆல் இருமுறை வகுக்க வேண்டும், விடை 20. இந்தத் திருத்தம் இல்லாத கண்காணிப்பு அறிக்கையைத் திருப்பி அனுப்புங்கள்.

ஒன்பதாம் படி: கருத்தை எழுத்தில் கொடுங்கள்

30 வேலை நாட்களுக்குள் அனுப்பும் கடிதத்தில், ஒவ்வொரு கருத்துக்கும் அறிக்கையின் பக்க எண், அங்கே சொல்லப்பட்டிருப்பது, உங்களிடம் உள்ள சான்று, நீங்கள் கேட்கும் மாற்றம் ஆகிய நான்கையும் எழுதுங்கள். ‘திட்டம் வேண்டாம்’ என்ற ஒற்றை வரியைவிட, ‘பாதையின் இந்த இடத்தில் மதகு இல்லை, சென்ற மாரியில் இங்கே நீர் எத்தனை நாள் நின்றது என்பதற்கான படங்கள் இணைக்கப்பட்டுள்ளன, மதகு அமைக்கப்படாவிட்டால் பாதையை மாற்றுக’ என்ற பத்தி அதிகாரியைப் பதில் எழுத வைக்கும். கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைச் சங்கக் கோவையில் போட்டுவையுங்கள்.